ஏறாத மேட்டை ஏறிய வண்டிகள்

பழமை ஒரு விந்தையான பொருள். வீட்டு மூலையில் கிடக்கும்போது அதற்குப் 'பழைய சாமான்' என்று பெயர். பிறரிடம் விலை கொடுத்து வாங்கும்போது அதற்கே 'பழம்பெருமை' என்று பெயர். இவ்விந்தையைக் காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் பெங்களூரிலேயே, இராணுவம் கழித்துவிட்ட ஜீப்பையும் ஜோங்காவையும் தேடி வாங்கி, புதுப் பச்சை வண்ணம் பூசி, ஞாயிறுதோறும் காட்டுவழிக்கும் கரட்டு மேட்டுக்கும் ஓட்டிச் செல்லும் இளைஞர் பலர் இருக்கின்றனர். நம் பிள்ளைகள் 'தல' என்று கொண்டாடும் கிரிக்கெட் வீரர் தோனி 2019-ஆம் ஆண்டில் ஒரு பழைய ஜோங்காவை வாங்கியபோது அது நாளிதழ்களில் செய்தியாயிற்று. அத்தகைய வண்டியொன்று தெருவில் வந்துவிட்டால் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்காத பிள்ளை இல்லை. வாயிற்படிக்கு வந்து நின்று நோக்காத முதியவரும் இல்லை.

இந்த ஏக்கம் எதன்பொருட்டு? இரும்பின்பொருட்டா? அன்றி, இரும்போடு கலந்து நின்ற வேறொன்றின்பொருட்டா? இத்திங்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

இதனை எண்ணிப் பார்க்க ஆஸ்டின் டவுன்வாசிகளாகிய நமக்குத் தனி உரிமை உண்டு. 'ஆஸ்டின்' என்றதும் அப்பெயர் கொண்ட ஆங்கிலக் கார் சிலருக்கு நினைவு வரக்கூடும். 1948-இல் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கப்பெற்றதே ஆஸ்டின் கார்களைக் கோத்து விற்பதற்காகத்தான். அந்நிறுவனமே 1955-இல் அசோக் லேலண்டு ஆயிற்று. ஆயினும் நம் பகுதியின் பெயருக்கும் அக்காருக்கும் உறவில்லை. பிற்காலத்தில், கன்னட அகராதி தந்த கிட்டல் பெருமகனார் நினைவாக இப்பகுதிக்குக் கிட்டல் நகர் என்று பெயர் சூட்டினர். மக்கள் நாவிலோ ஆஸ்டின் டவுனே நிலைத்துவிட்டது.

வண்டிகளோடு நமக்கு ஏற்பட்ட உறவு வேறு வழியாக வந்தது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு இறக்கிய காலந்தொட்டு, தமிழர் அத்தண்டைச் சார்ந்து இங்கு வந்து குடியேறினர். சிப்பாய்களாய் வந்தவர் சிலர். கொத்தராய், தச்சராய், கொல்லராய், சமையற்காரராய் வந்தவர் பலர். நம் வீடுகளுக்கு அண்மையில் உள்ள அகரம் பகுதியில் இராணுவ வழங்கல் படையின் பயிற்சி நிலையம் இருக்கிறது. 'ஏ.எஸ்.சி.' என்று நம்மவர் அனைவரும் அறிந்த இடம் அதுவே. அரிசியும் மாவும் எண்ணெயும் பெட்ரோலும் படை இருக்குமிடம் கொண்டு சேர்ப்பது அப்படையின் தொழில். ஆகவே வண்டியோட்டுதல் அங்கே உயிர்க்கலை. அல்சூர்ப் பக்கமோ சென்னைச் சாப்பர் படையின் இருப்பிடம். தமிழர் பெருந்தொகையினராய்ச் சேர்ந்து புகழ் ஈட்டிய படை அது. இவ்விரண்டின் நிழலில் வளர்ந்த வீடுகளில் ஓட்டுநர் ஒருவரோ, பிட்டர் ஒருவரோ, பட்டறைக்காரர் ஒருவரோ இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் காண வேண்டும். வண்டி தெருமுனையில் திரும்புமுன் ஒலியைக் கேட்டே, 'இது சக்திமான், இது நிசான்' என்று பிள்ளைகள் பந்தயம் கட்டிய காலம் ஒன்று இங்கு இருந்தது.

அவ்வண்டிகளின் வரலாற்றையும் சிறிது அறிந்துகொள்வது நலம்.

ஜீப் போர்க்களத்தில் பிறந்த பிள்ளை. 1940-ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர், எடை குறைந்ததும், நான்கு சக்கரங்களும் உந்தக்கூடியதுமான ஒரு சிறு வண்டியை விரைந்து செய்து தருமாறு தொழிற்சாலைகளைக் கேட்டனர். பாண்டம் என்னும் சிறு நிறுவனம் முதல் மாதிரியைக் குறித்த காலத்திற்குள் செய்து காட்டியது. ஆனால் பெருந்தொகையான ஆணை வில்லிஸ், போர்டு ஆகிய பெரிய நிறுவனங்களுக்கே சென்றது. போர் முடிவதற்குள் இவ்விரண்டும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் ஓய்ந்த 1945-ஆம் ஆண்டில் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகம்மதும் கூடி 'மகிந்திரா அண்டு முகம்மது' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். நாடு பிரிந்தது, குலாம் முகம்மது பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார். 1948-இல் நிறுவனத்தின் பெயர் 'மகிந்திரா அண்டு மகிந்திரா' என மாறிற்று. அந்நிறுவனம் பம்பாயில் கோக்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பே பின்னர் இந்நாட்டின் காவல் நிலையத்துக்கும், காட்டிலாகாவுக்கும், தேயிலைத் தோட்டத்துக்கும், ஒலிபெருக்கி கட்டிய தேர்தல் பிரசாரத்துக்கும் வாகனமாயிற்று.

சக்திமான் என்னும் பெரிய லாரி ஜெர்மனியின் மான் நிறுவனத்தின் உரிமம் பெற்று ஜபல்பூரில் செய்யப்பட்டது. 1950களின் இறுதியில் தொடங்கிய அதன் உற்பத்தி 1996 வரை நடைபெற்றது. ஜோங்காவோ ஜப்பானியரின் நிசான் பேட்ரோல் வண்டியின் மறுபிறவி. அதுவும் ஜபல்பூரிலேயே 1960களில் தொடங்கி 1999 வரை உருவாயிற்று. 'ஜபல்பூர் ஆர்டனன்ஸ் அண்டு கன்காரியேஜ் அசெம்பிளி' என்னும் நீண்ட தொடரின் முதலெழுத்துகளே அந்த விசித்திரப் பெயர். ஏறக்குறைய 4 லிட்டர் கொள்ளளவும் 6 சிலிண்டர்களும் கொண்ட அதன் பெட்ரோல் எஞ்சின் மலையேறுவதில் மன்னன். பெட்ரோல் குடிப்பதிலும் மன்னனே.

இனிப் பாலைவனத்துக்கு வருவோம். மேடு ஏறுவது ஒரு கலை என்றால், மணலில் செல்வது மற்றொரு கலை. மணலில் பெருவலிமை மட்டும் பயன் தராது. சக்கரம் சுழலச் சுழல அது தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். ஆகவே அனுபவம் மிக்க ஓட்டுநர் மணலில் இறங்குமுன் டயர்களின் காற்றைப் பாதியளவுக்கு இறக்கிவிடுவார். காற்றுக் குறைந்த டயர், ஒட்டகத்தின் பாதம் போல் மணல்மீது அகன்று படியும். வண்டியின் எடை பரவிச் சென்றுவிடும். இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலையில் லாரிகளை ஓட்டிய பாக்னால்டு என்னும் ஆங்கிலேய அதிகாரியின் குழுவினர் இவ்வித்தையில் கைதேர்ந்தவராய் இருந்தனர். அதே பாலையில், நான்காம் இந்திய டிவிஷனோடு, பெங்களூரைத் தாயிடமாகக் கொண்ட சென்னைச் சாப்பர்களும் பணியாற்றினர். ஆகவே பாலைவனத்தில் வண்டி செலுத்துதல் என்பது தமிழருக்கு நேற்று வந்த பொழுதுபோக்கன்று.

மணலின் நீதியை 1971 டிசம்பரில் இராஜஸ்தானத்து லோங்கேவாலா மெய்ப்பித்தது. அங்கே ஏறத்தாழ 120 இந்திய வீரர்கள் ஒரு சிறு காவலிடத்தில் இருந்தனர். அவர்களை நோக்கிப் பாகிஸ்தானின் டாங்கிகள் இரவில் திரண்டு வந்தன. நம் வீரர்களிடம் இருந்த பெரிய ஆயுதம் ஜீப் வண்டியின்மீது பொருத்திய பீரங்கியே. எதிரியின் கனத்த டாங்கிகள் பல மென்மணலில் சிக்கித் தவித்தன. பொழுது விடிந்ததும் ஜெய்சல்மீரிலிருந்து பறந்து வந்த நம் ஹண்டர் விமானங்கள் அவற்றைத் தாக்கி அழித்தன. மேஜர் குல்தீப் சிங் சந்த்புரியும் அவருடைய வீரர்களும் விடியும் வரை இடம் பெயராது நின்ற உறுதியே அந்த வெற்றிக்கு அடிப்படை.

போருக்கு அறிந்த அதே உண்மையை விளையாட்டுக்குப் பயன்படுத்திக்கொண்டவர் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் படகு கட்டிவந்த புரூஸ் மேயர்ஸ் என்பவர். 1964-இல் அவர், படகு செய்யும் கண்ணாடியிழையால் ஒரு சிறு கூடு வார்த்து, வோக்ஸ்வாகன் 'வண்டு' காரின் எஞ்சினை எடுத்து அதில் பொருத்தினார். எடை மிகச் சொற்பம். எஞ்சின் பின்புறம் இருந்தமையால் உந்தும் சக்கரங்களின்மீதே பாரம் விழும். காற்றால் குளிரும் எஞ்சினாதலால் பாலையில் தண்ணீர் தேட வேண்டியதில்லை. 'மேங்ஸ்' என்று வாலற்ற பூனையினத்தின் பெயரை அதற்கு இட்டனர். 1967-இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் முதன்முதலாக நடந்த பாலைவனப் பந்தயத்தில், 27 மணி 38 நிமிடங்களில் ஓடி முதலிடம் பெற்றது அவ்வகை வண்டியே. 'பக்கி' என்று இன்று உலகம் வழங்கும் மணல்வண்டிகள் பலவற்றுக்கு அது மூதாதை.

மற்றொரு புதுமையும் உண்டு. அந்த 'வண்டு' காரின் அமைப்பு தமது காப்புரிமையை மீறியது என்று செக்கோஸ்லோவாகியாவின் டாட்ரா நிறுவனத்தார் வழக்கிட்டு, நெடுங்காலத்துக்குப் பின் இழப்பீடு பெற்றனர். அந்த டாட்ராவின் பெரிய லாரிகளையே நம் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பி.இ.எம்.எல். நிறுவனம் 1986-இல் ஒப்பந்தம் செய்து நம் படைக்குக் கோத்துத் தரலாயிற்று. தங்கவயலிலும் பெங்களூரிலும் அந்நிறுவனத்தில் உழைத்த தமிழ்க் குடும்பங்கள் நம் வாசகர்களில் பல இருக்கும். வழக்கமான சட்டத்துக்கு மாறாக, முதுகெலும்பு போல் நடுவே ஒரே இரும்புக் குழாய். அதிலிருந்து ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே ஏறியிறங்கும். 1978 டிசம்பரில் பாரிஸிலிருந்து முதன்முதல் புறப்பட்ட டக்கார் பந்தயத்தின் லாரிப் பிரிவில், 1988 முதல் 2001 வரையான காலத்தில் கரேல் லோப்ரைஸ் என்பவர் ஆறு முறை வென்றது டாட்ராவில்தான். மணலில் துள்ளும் குட்டி வண்டியும், எல்லைக்குச் சுமை தாங்கிச் சென்ற பெருவண்டியும் ஒரு வகையில் பங்காளிகள் என்பதை அறியும்போது நமக்கு நகைப்பும் வியப்பும் ஒருங்கே தோன்றுகின்றன. அந்த டக்கார் பந்தயத்தை முடித்த முதல் இந்தியரும் நம் பெங்களூர்க்காரரே. சி.எஸ். சந்தோஷ் 2015-இல் தென் அமெரிக்காவில் மோட்டார் சைக்கிளில் ஓடி 36-ஆம் இடம் பெற்றார்.

நிற்க. இத்தனை பெயர்களையும் இத்தனை ஆண்டுகளையும் நாம் எளிதில் எழுதிவிட்டோம். வண்டியைச் செய்தவர் பெயர் தெரிகிறது. நிறுவனம் கண்டவர் பெயர் தெரிகிறது. பந்தயத்தில் வென்றவர் பெயரும் தெரிகிறது. ஆனால் முப்பது ஆண்டுகள் அவ்வண்டிகளை லடாக்கிலும் நேபாவிலும் இராஜஸ்தானத்திலும் ஓட்டி, பழுது பார்த்து, மீண்டும் ஓட்டிய நம் தந்தையரின் பெயர் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

நம் பகுதியில் ஓய்வு பெற்ற இராணுவ ஓட்டுநர் ஒருவரோடு அண்மையில் உரையாடிக்கொண்டிருந்தோம். அவருடைய மகன் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்; பழைய ஜீப் ஒன்றை ஆசையோடு வாங்கி வந்திருக்கிறார். பெரியவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, முப்பது வருஷம் நான் இந்த வண்டியைத் துடைச்சேன். அப்போ என் பக்கத்துல வந்து நிக்க இவனுக்கு வெட்கம். இப்போ இதே வண்டி பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கிறான்." அச்சொற்களில் வருத்தம் இருந்ததா, வேடிக்கை இருந்ததா என்று நம்மால் பிரித்தறிய இயலவில்லை. அவர் மேலும் சொன்னார்: "ஹாண்டில் போடறப்போ கட்டைவிரலை மத்த விரலோட ஒரே பக்கமா வெச்சுக்கச் சொல்லுங்க. எஞ்சின் திருப்பி அடிச்சா விரல் போயிடும். நான் சொன்னா கேக்க மாட்டான்."

இந்தப் பெரியவரின் கதை ஒரு வீட்டின் கதையன்று. நம் தெருக்களில் ஒரு தலைமுறை முழுவதும் இப்படியே கழிந்தது. அப்பா பணிமனையிலிருந்து வந்ததும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் கையைத் துடைத்து, சோப்பும் மரத்தூளும் இட்டுத் தேய்த்துக் கழுவுவார். அப்படியும் நகக்கண்ணில் கறுப்பு நிற்கும். பிள்ளை அந்தக் கறுப்பைக் கண்டு கூசியது. அப்பாவும், 'இந்தக் கிரீஸ் என்னோடு போகட்டும். நீ படித்து நாற்காலியில் உட்கார்' என்றார். பெண் பார்க்க வந்தவர் கேட்டால், 'டிரைவர்' என்று சொல்லாமல், 'மிலிட்டரியில் இருந்தார்' என்று முடித்துக்கொண்டோம். பிள்ளைகள் படித்தனர், நாற்காலியில் அமர்ந்தனர். அதில் குறை காண நாம் யார்? உழைத்தவர் தம் மக்களுக்கு நிழல் தேடுவது இயல்பே. ஆனால் நிழலுக்கு வந்தபின், வெயிலில் நின்றவரின் அறிவையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். இன்று நாம் ஏங்குவது அதற்காகவே என்று நமக்குத் தோன்றுகிறது.

அந்த அறிவு சிறிதன்று. பகல் வெப்பத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிட்டால், ஈரத்துணியைப் பம்பின்மீது சுற்றிக் குளிரச் செய்து மீண்டும் ஓட்டுவர். மழையில் நனைந்து எஞ்சின் இருமினால், டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்து மாட்டுவர். கருவி இல்லாத இடத்தில் தீப்பெட்டி அட்டையைச் செருகிப் பாயிண்டின் இடைவெளியைச் சரிபார்ப்பர். ஓடையைக் கடக்குமுன் காற்றாடிப் பெல்ட்டைக் கழற்றிவிடுவர். இல்லையேல் காற்றாடி தண்ணீரை எஞ்சின்மீது வாரியிறைக்கும். இவை எந்தப் பாடநூலைப் படித்தும் வந்தவை அல்ல. நடுவழியில், உதவிக்கு ஆளில்லாத இடத்தில், பின்னால் வரும் வண்டிகள் காத்து நிற்க, கை தானே கற்றுக்கொண்டவை.

பழமையைப் போற்றுவோர் உண்மையையும் போற்ற வேண்டும். அவ்வண்டிகள் சொர்க்கத்துத் தேர்கள் அல்ல. இருக்கைப் பட்டை இல்லை. கூரையென்பது ஒரு படுதா. ஒருநாள் ஓட்டினால் இடுப்பு மூன்று நாள் வலிக்கும். ஓட்டுநர் பலருக்கு முதுகுவலியும் காதுமந்தமுமே ஓய்வூதியத்தோடு சேர்ந்து கிடைத்தன. புகையும் மிகுதி. ஆகவே பழைய வண்டிகள் யாவும் தெருவில் ஓட வேண்டும் என்று நாம் வாதாட வரவில்லை. சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. 15 ஆண்டு கடந்த தனியார் வண்டிக்குத் தகுதி பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021-இல் வந்த மத்திய அரசின் விதியோ, 50 ஆண்டு கடந்து, அடிப்படை அமைப்பு மாறாது இருக்கும் வண்டிகளைப் 'பழம்பெரும் வண்டி' எனத் தனியே பதிவு செய்ய வழி தருகிறது. அன்றாடப் பயணத்துக்கும் வாணிகத்துக்கும் அதனை ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் பழைய வண்டிகளின் ஊர்வலத்துக்கும் கொண்டு செல்லலாம். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு டீசல் எஞ்சினைப் பொருத்திய ஜோங்கா அவ்வுரிமையைப் பெறுதல் அரிது. வாங்க விழையும் இளைஞர்கள் வண்ணத்தைப் பார்த்து மயங்காமல், காகிதத்தையும் எஞ்சின் எண்ணையும் முதலில் பார்ப்பாராக. தெருக்கோடியில் இருக்கும் பழைய பிட்டர் ஒருவரை உடனழைத்துச் செல்வாராயின் இன்னும் நன்று.

நம்பிக்கை தரும் செய்தியும் ஒன்று உண்டு. பாஹா பாலைவனத்தின் பெயராலேயே, பொறியியல் மாணவர்களுக்கு 'பாஹா' என்னும் போட்டி 2007 முதல் நம் நாட்டில் நடைபெற்று வருகிறது. மாணவர்கள் தாமே வரைந்து, குழாய் வளைத்து, பற்றவைத்து, ஒருவர் அமரும் சிறு மணல்வண்டியைச் செய்து, மத்தியப் பிரதேசத்து பீதம்பூர் முதலிய இடங்களுக்குக் கொண்டு சென்று, மேட்டிலும் பள்ளத்திலும் சேற்றிலும் ஓட்டிக் காட்டுகின்றனர். தமிழ்நாட்டுக் கல்லூரிகளும் கருநாடகக் கல்லூரிகளும் ஆண்டுதோறும் அதில் கலந்துகொள்கின்றன. பெண்மக்களும் வெல்டிங் கோலைப் பிடிக்கின்றனர். தாத்தாவின் நகக்கண்ணில் இருந்த அதே கறுப்பு பேத்தியின் நகக்கண்ணிலும் ஏறுகிறது. அவள் அதனை மறைப்பதில்லை. நடுவே ஒரு தலைமுறை விட்டுப்போன இழையை இவ்விளைஞர்கள் தாமறியாமலே எடுத்து முடிகின்றனர். ஆயின் தாத்தா அடுத்த அறையில் இருக்க, பேத்தி கிளட்சின் நுட்பத்தை முகமறியாத ஒருவரின் படக்காட்சியைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வீடுகள்தாம் எத்தனை!

ஆகவே வாசகர்களிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அது செலவு பிடிக்கும் காரியமன்று. உங்கள் வீட்டில் வண்டியோட்டியவரோ, வண்டி பழுது பார்த்தவரோ இருந்தால், இந்த வாரமே ஒருநாள் மாலை அவரருகில் அமருங்கள். எந்த ஆண்டில் எந்த வண்டி, எந்த மலை, எந்தப் பழுது, அதை எப்படிச் சரிசெய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். 'பட்டை', 'ஜாக்கி', 'ஹாண்டில்' என்னும் பட்டறைச் சொற்களைத் திருத்த வேண்டாம். அவர் மறைந்துவிட்டிருந்தால், பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கும் பணிப்புத்தகத்தையும் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துப் பிள்ளைகளிடம் காட்டி, 'உன் தாத்தா டிரைவராய் இருந்தார்' என்று முழுச்சொல்லாகச் சொல்லுங்கள். எழுதியதைச் சங்கத்துக்கும் அனுப்பி வையுங்கள். பெயரோடும் ஊரோடும் இப்பகுதியில் ஒவ்வொன்றாக வெளியிட இடம் ஒதுக்கக் காத்திருக்கிறோம்.

இரும்பு துருப்பிடித்தாலும் எடைக்கு எடை விலை போகும். நினைவுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. கேட்பார் இல்லையேல் அது உரியவரோடு போய்விடும். பெரியவர்களுக்கு வயதாகிறது. அடுத்த திங்கள் இதழுக்குள் முதல் கடிதம் வந்து சேரும் என்று எதிர்நோக்குகிறோம்.